அச்சமும் கொல்லாமையும்

கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட ஓர் இல்லத்தில் இரவில் பாம்பு புகுந்துவிடுகிறது. குழந்தைகள் தரையில் உறங்குகின்றனர். வீட்டுக்குரியவர் கம்பை எடுக்கலாமா, கூடாதா? வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம் பகுதிகளில் நெல்லும் மணிலாவும் பயிரிட்டு வாழும் நம் குடும்பங்களுக்கு இது கற்பனைக் கேள்வி அன்று.

'தற்காப்புக்காக நேரும் கொலை விரோதி இம்சை. அது இல்லறத்தார்க்கு முற்றும் விலக்கப்படவில்லை' எனச் சிலர் விடை கூறுவர். இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியோகி, விரோதி என நான்காகப் பகுத்த நம் ஆசாரியர்கள், மனம் துணிந்து செய்யும் சங்கல்பி இம்சையைச் சாவகர் அறவே விடவேண்டும் என்றனர். ஆனால் ஒரு கொலை இவற்றுள் எவ்வகையைச் சார்ந்தது என எதைக்கொண்டு தீர்மானிப்பது? எதிரிலுள்ள உயிரால் மெய்யாகவே கேடு உண்டா என அறிந்தாலன்றி அது இயலாது. ஆகவே எவ்வுயிர் எவ்வளவு ஆபத்தானது என்பது விலங்கியலாரின் கேள்வி மட்டுமன்று. அறத்தின் கேள்வியும் ஆகும்.

நம் அச்சத்தின் வரிசை வேறு, ஆபத்தின் வரிசை வேறு. 1975இல் வெளிவந்த 'ஜாஸ்' திரைப்படம் உலகெங்கும் சுறாமீன் மீது பேரச்சத்தை விளைத்தது. ஆனால் சுறாவால் இறப்போர் பெரும்பாலான ஆண்டுகளில் உலகம் முழுவதிலும் பத்துப்பேரைத் தாண்டுவதில்லை. மனிதர் கொல்லும் சுறாக்களோ, 2013இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டின்படி, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி. அக்கதையை எழுதிய பீட்டர் பெஞ்சிலியே பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார்.

யாரும் கண்டு நடுங்காத கொசுவோ மலேரியாவைப் பரப்புகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023இல் அந்நோயால் மட்டும் 5,97,000 பேர் மாண்டனர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். வெறிநோயால் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இறக்கின்றனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்நோய் நாயிடமிருந்தே வருகிறது. இவை அனைத்திற்கும் அப்பால், 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழந்தவர்கள் 1,68,000க்கும் மேற்பட்டோர். எனினும் வாகனத்தைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை.

இதனால் பாம்பு தீங்கற்றது என்று கூறிவிட முடியாது. 2020இல் வெளியான ஆய்வொன்று, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்தனர் எனக் கணக்கிட்டது. அஃதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். ஏறக்குறைய பாதி இறப்புகள் சூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நேர்ந்தவை. இத்துயரைக் குறைத்துப் பேசுவது அகிம்சை ஆகாது.

ஆனால் இந்தியாவில் உள்ள பாம்பு வகைகள் முந்நூறுக்கு அண்மையில் எனின், இந்த இறப்புகளுள் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. நம் ஊர்களில் அடிபட்டுச் சாவனவோ பெரும்பாலும் சாரையும், தண்ணீர்ப் பாம்பும், பச்சைப் பாம்பும் ஆகும். எலியைத் தின்று உழவனுக்கு உதவும் சாரைக்கு நஞ்சே இல்லை. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் வெறும் நம்பிக்கையே. இவற்றைக் கொல்வதை விரோதி இம்சை என்று எவ்வாறு கூறுவது? அங்கே விரோதி எவரும் இல்லை. அச்சம் இருந்தது, அறியாமை இருந்தது, அவ்வளவே.

நஞ்சுள்ள நான்கிற்கும் நம்மீது பகை கிடையாது. மிதிபட்டபோதும் நெருக்கப்பட்டபோதும் அவை தம்மைக் காத்துக்கொள்ளக் கடிக்கின்றன. அடிக்க முயன்று கடிபடுவோரும் உண்டு. விலகி நின்று, அதன்மீது கண்வைத்து, தீயணைப்பு நிலையத்தாரையோ வனத்துறையினரையோ அழைப்பது அறத்திற்கும் ஏற்றது, உயிருக்கும் பாதுகாப்பு. செங்கற்பட்டு மாவட்டத்து இருளர் மக்கள் 1978இல் அமைத்த கூட்டுறவுச் சங்கத்தினர் இந்நான்கு வகைப் பாம்புகளையே பிடித்து, முறிமருந்துக்காக நஞ்செடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். பாம்பை நன்கறிந்தவர் கையில் கம்புக்கு வேலையில்லை.

கொசுவின் செய்தி இன்னும் கடினமானது. அதனுடன் சமரசம் செய்துகொண்டு குழந்தையைக் காய்ச்சலுக்குக் கொடுக்க எந்த அறமும் சொல்லவில்லை. ஆனால் கொசு எங்கே பிறக்கிறது? மூடாத தொட்டியிலும், கொல்லையில் எறிந்த சிரட்டையிலும், பழைய டயரிலும் தேங்கிய நீரில் பிறக்கிறது. அந்நீரைத் தேங்கவிட்டது நம் அசட்டை. பின்னர் மருந்தடித்து ஆயிரக்கணக்கில் கொல்வதும் நாமே. கவனமின்மையால் உயிர்க்குக் கேடு செய்வதே இம்சை எனத் தத்துவார்த்த சூத்திரம் வரையறுப்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். முட்டையிடும் முன்பே பாத்திரத்தை மூடி வைத்தவர் எவ்வுயிரையும் கொல்வதில்லை. அதன் பின்னும் தவிர்க்க இயலாத இம்சை சிறிது எஞ்சக்கூடும். அதை மறுப்பது நேர்மையன்று, குறைத்துக்கொண்டே வருவதுதான் சாவகர் கடன்.

கொசுவலையை எடுத்துக்கொள்வோம். அது கொசுவைக் கொல்லாமலேயே தடுக்கிறது. தரையில் உறங்குவோரை வலியே தெரியாமல் கடித்துச் செல்லும் கட்டுவிரியனையும் அதுவே தடுக்கிறது. விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் போதும். இரவில் நடக்கக் கைவிளக்கு, வயலில் இறங்கக் காலணி, எலி அண்டாதபடி தூய்மையான வீடு, கடிபட்டால் மந்திரிப்பவரைத் தேடாது உடனே அரசு மருத்துவமனை: இவை யாவும் மனித உயிரையும் காக்கின்றன, பாம்பின் உயிரையும் காக்கின்றன.

திருநறுங்கொண்டையிலும் கழுகுமலையிலும் பார்சுவநாதர் திருமுடிமேல் நாகம் படம் விரித்து நிற்பதை நாம் கண்டு வணங்குகிறோம். விறகினுள் சிக்கிய நாக இணைக்கு அப்பெருமான் இரங்கினார் என்கிறது புராணம். உலகம் அஞ்சும் உயிரையே பகவானுக்குக் குடையாக வைத்த மரபு நம்முடையது. கோயிலில் அதை வணங்கிவிட்டு வீட்டில் கம்பெடுப்பது பொருந்துமா?

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனும் நால்வகைத் தானங்களுள் அபயதானம் என்பது அஞ்சும் உயிருக்கு அச்சத்தை நீக்குதல். வீட்டில் புகுந்த பாம்பும் அஞ்சியே மூலையில் சுருண்டு கிடக்கிறது. நம் அச்சம் நீங்கினாலன்றி அதற்கு அபயம் தர நம்மால் இயலாது. நம் அச்சம் நீங்கும் வழியோ நல்ஞானம். ஆதலால் நம் சிறார்க்குக் கொல்லாமையைக் கற்பிக்கும்போதே, அந்நான்கு பாம்புகளையும் ஏனையவற்றிலிருந்து பிரித்தறியவும் கற்பிப்போமாக.