அகால மரணமும் அயலார் நாவும்

‘முள்ளும் மலரும்’ படத்தில் காளியின் தங்கை வள்ளியாகத் தோன்றி, பேசாமல் நிற்கும் கணங்களிலும் மனத்தைப் புலப்படுத்தவல்ல நடிப்பைத் தமிழ்த்திரைக்கு அளித்த ஷோபா, 1980 மே 1 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற செய்தி வந்தபோது, அவருக்குப் பதினெட்டு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. பாலவாக்கத்துக் கடற்கரையில் மாலைவேளைகளில் கூடும் என்னையொத்த முதியவர்களிடையே இன்றும் அவர் பெயர் எழுந்தால், வள்ளியைப் பற்றிய பேச்சு இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. யாரால், எதனால் என்ற பேச்சோ இருட்டிய பின்னும் ஓய்வதில்லை. 2020 டிசம்பரில் சின்னத்திரை நடிகை சித்ரா மறைந்தபோதும் இவ்வாறே ஊரெல்லாம் பேசிற்று.

ஊகங்கள் களைத்தபின் யாரேனும் ஒருவர், “எல்லாம் பூர்வஜன்ம கர்மா” என்று முடித்துவைப்பார். பக்தியின் குரல்போல் ஒலிப்பினும், அதுவும் ஓர் ஊகமே. கர்மத்தின் கதி ஆழங்காண அரியது என்பது கீதையின் உபதேசம். ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் பிறருடைய வினைக்கணக்கைப் படிக்கும் உரிமையை அயலாருக்கு வழங்கவில்லை. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கவேண்டும் என்று மனிதனுக்கு உணர்த்த எழுந்த தத்துவத்தை, பிறர் துயரத்தின்மீது தீர்ப்பெழுதும் கோலாக நாம் மாற்றிவிட்டோம். இதன் அடியில் இருப்பது அச்சம் என்றே நான் எண்ணுகிறேன். காரணமின்றி ஓர் இளம்பெண் இறக்கக்கூடுமானால் நம் வீட்டுப் பெண்ணுக்கும் காப்பில்லை. ஆகவே அவரிடம் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் அகால மரணத்தை இவ்வாறு எதிர்கொள்ளவில்லை. அவ்வாறு இறந்தவருக்கென விதிக்கப்பட்ட நாராயண பலி, அந்த ஆத்மாவின் நற்கதியை வேண்டி இருப்பவர் ஆற்றும் கடமையே அன்றி, இறந்தவரின் குணதோஷங்களை ஆராயும் சபை அன்று. தொண்டைமண்டலத்துக் குடும்பங்கள் பலவற்றில் இளமையில் மறைந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று போற்றி, புதுப்புடவை வைத்து, பூச்சூட்டி, படையலிட்டு வணங்குகிறார்கள். அந்த வழிபாடு சில வீடுகளில் வீட்டாரின் கொடுமையையே மூடி மறைத்திருக்கவும் கூடும் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆதலால் விசாரணையே வேண்டாம் என்பதன்று என் கட்சி. ஐயத்துக்குரிய மரணத்தில் உண்மையைத் தேடுவது அரசின் தர்மம். அங்கே சாட்சி சொல்பவர் பிரமாணம் செய்து, குறுக்கு விசாரணைக்கும் உட்படுகிறார். நம் பேச்சுக்கோ பிரமாணமும் இல்லை, முடிவும் இல்லை. ஷோபா மறைந்த மூன்றே ஆண்டுகளில், 1983இல், மலையாளத்தில் கே. ஜி. ஜார்ஜ் எடுத்த ‘லேகயுடெ மரணம் ஒரு ஃபிளாஷ்பேக்’ என்ற படம் அவருடைய வாழ்வைத் தழுவியது என்று பலரும் சொன்னார்கள். மறுக்கவோ ஒப்பவோ அவர் இல்லை.

துரை இயக்கிய ‘பசி’யில் குப்பை பொறுக்கிப் பிழைக்கும் குப்பம்மாவாக நடித்து அவர் தேசிய விருது பெற்றார். அந்த வயதில், தாம் வாழாத அவ்வாழ்வின் நடையையும் பேச்சையும் பசியையும் அவர் எங்ஙனம் அறிந்துகொண்டார் என்பதைப் பற்றி நாம் எத்தனை மாலைகள் வேண்டுமானாலும் பேசலாம்.