வரிசையும் நீதியும்

முந்தி வந்தவருக்கே முதலிடம் என்பது நாம் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நியாயம். ஆயினும் அது முழுமையான நியாயமா? பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினித் தொகுதிகள் இவ்வினாவை நம்முன் வைக்கின்றன.

100 கணினிகளை இணைத்த தொகுதி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அவற்றுள் 60 கணினிகள் இன்னும் 3 மணி நேரத்துக்கு ஓர் ஆய்வில் ஈடுபட்டுள்ளன. வரிசையில் முதலாவதாக நிற்கும் வேலைக்கு ஒரே வேளையில் 80 கணினிகள் வேண்டும். அதன் பின்னே நிற்கும் மாணவர் ஒருவரின் வேலைக்கு 20 கணினிகளும் 1 மணி நேரமும் போதும். வரிசையை இம்மியும் பிசகாது பேணின், 40 கணினிகள் 3 மணி நேரம் வாளா கிடக்கும். எவருக்கும் பயனின்றிப் பொதுச்சொத்தை முடக்குவது நீதியாகுமா?

மறுபுறம், சிறியவை யாவும் முந்தலாம் என்று விட்டுவிட்டால், பெரிய வேலைக்கு வேண்டிய 80 கணினிகள் ஒருங்கே கிடைக்கும் நாள் வராமலே போகலாம்.

அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டேவிட் லிஃப்கா 1995ஆம் ஆண்டு விவரித்த முறை இதற்கு ஒரு வழி கண்டது. முதலில் நிற்பவருக்கு ஒரு நேரம் உறுதி செய்யப்படும். அதனைப் பின்தள்ளாதவர் மட்டுமே இடைவெளியில் முந்தலாம். இதற்கு, தமக்கு வேண்டிய நேரத்தை ஒவ்வொருவரும் முன்கூட்டியே சொல்லுதல் வேண்டும். சொன்ன நேரம் கடப்பின் வேலை நிறுத்தப்படும். அவ்வச்சத்தால் பலர் நேரத்தைக் கூட்டியே சொல்கின்றனர். இடைவெளியில் நுழையும் வாய்ப்பையும் அதனால் இழக்கின்றனர்.

இன்னொரு வினாவும் உண்டு. நேற்று முழுவதும் பயன்படுத்தியவரும் இன்று முதன்முறையாக வந்தவரும் வரிசையில் சமமா? பலர் பகிரும் கணினிக்கென, சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடி கேயும் பியேர்ஸ் லோடரும் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட பங்கீட்டு முறை, இல்லை என்றது. தம் பங்கை மிஞ்சி நுகர்ந்தவரின் முன்னுரிமை குறையும். காலப்போக்கில் பழைய நுகர்வு மறக்கப்படும். இக்கருத்தையே இன்றைய தொகுதிகள் பலவும் கையாளுகின்றன.

ஆயின் அந்தப் பங்கை வகுத்தவர் யார்? ஒரு துறைக்கு அரைப்பங்கு, மற்றொன்றுக்கு இருபதில் ஒரு பங்கு என்று பொறி தானாகத் தீர்மானிப்பதில்லை. நிதியும் அதிகாரமும் உடையோர் வகுத்ததை அது பிசகின்றி நிறைவேற்றுகின்றது. அநீதியான பங்கீட்டையும் அதே பிசகின்மையுடன் நிறைவேற்றும். எனவே ஒழுங்கையே நீதியென்று நாம் மயங்கலாகாது. பங்கு வகுக்கப்படும் இடத்தில், வரிசையின் கடைசியில் நிற்பவரின் குரலும் ஒலிக்க வேண்டும் என்று கேட்பது நம் கடமை.