ஒற்றுமையும் உறவும்

சீடன்: ஐயா, தவளை, சாலமாண்டர், காலில்லாத சிசிலியன் மூன்றும் இருவாழ்விகள். இவற்றுள் யாருக்கு யார் நெருங்கிய உறவு என்பதைக் கணைய ஹார்மோன்களை வைத்துத் தேடினார்களாம். எலும்பை விட்டு இன்சுலினைப் பார்ப்பானேன்?

குரு: மண்ணுக்குள் வாழப்போய்ச் சிசிலியன் காலையே இழந்துவிட்டது. பிழைக்கும் வழி உடலை அவ்வளவு மாற்றும்போது, உடலமைப்பை மட்டும் நம்பி வம்சம் சொல்ல முடியாது. இன்சுலினோ அமினோ அமிலங்களின் வரிசை. 1950களில் சாங்கர் என்ற அறிவியலாளர் மாட்டு இன்சுலினின் வரிசையைப் படித்துக் காட்டினார்: இரண்டு சங்கிலிகள், ஒன்றில் 21 அமினோ அமிலங்கள், மற்றதில் 30. அதன்பின் எந்த உயிரின் இன்சுலினையும் இடத்துக்கு இடம் ஒப்பிட வழி பிறந்தது.

சீடன்: வேறுபாடுகளை எண்ணினால் போதுமே. குறைந்தால் நெருங்கிய உறவு.

குரு: எண்ணிப் பார். பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரே இடத்தில் மாறுகிறது. கினிப்பன்றியினது ஏறத்தாழ 18 இடங்களில். ஆப்பிரிக்க நகத்தவளையினது அந்த அளவுகூட மாறவில்லை.

சீடன்: பாலூட்டியான கினிப்பன்றியைவிடத் தவளையா நமக்கு உறவு?

குரு: இல்லை. கினிப்பன்றியின் வம்சத்தில் இன்சுலின் விரைவாக மாறியது, அவ்வளவுதான். உன் எண்ணிக்கையில் வேகமும் உறவும் கலந்துவிட்டன.

சீடன்: அப்படியானால் மாறாததைப் பார்ப்போம்.

குரு: குளுக்ககான் என்ற இன்னொரு கணைய ஹார்மோனில் 29 அமினோ அமிலங்கள். மனிதன், பன்றி, மாடு, எலி நால்வருக்கும் ஒரே வரிசை. இவர்களில் யார் யாருக்கு நெருக்கம் என்று அது சொல்லுமா?

சீடன்: சொல்லாது.

குரு: மாறினால் வேலை கெடும் என்பதால் அப்படியே நிற்கிறது. இன்சுலினை மடித்துப் பிணைக்கும் ஆறு சிஸ்டீன் அமினோ அமிலங்களும் அப்படித்தான்.

சீடன்: மாறாததும் பேசாது, மாறியதை எண்ணினாலும் பேசாது. பிறகு எதுதான் பேசும்?

குரு: ஏடு ஒப்பிடுகிறவர் என்ன செய்வார்? இரண்டு ஏடுகள் சரியாக ஒத்துப்போனால் அதில் புதிதாக ஒன்றும் தெரியாது. மற்ற ஏடுகளில் இல்லாத ஒரு பிழை இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், இரண்டும் ஒரே படியிலிருந்து வந்தவை என்பார். உயிர்களிலும் அப்படியே. மூதாதையிடம் இல்லாமல், இருவர் மட்டும் சேர்ந்து பெற்ற மாற்றமே உறவுக்குச் சான்று.

சீடன்: அதே மாற்றம் இருவரிடமும் தனித்தனியே வந்திருந்தால்?

குரு: வரும். அதனால்தான் ஒரு மாற்றத்தை நம்பி முடிவு கட்டக் கூடாது. இன்னொரு இடரும் உண்டு. நகத்தவளைக்கு இன்சுலின் மரபணு இரண்டு. எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று தெரியாவிட்டால், மரபணுவின் கதையை உயிரினத்தின் கதை என்று எண்ணிவிடுவோம்.

சீடன்: கணைய ஹார்மோன்கள் கடைசியில் என்ன தீர்ப்புச் சொல்லின?

குரு: இன்சுலின் 51, குளுக்ககான் 29, கணையப் பாலிபெப்டைடு 36. மொத்தம் 116 இடங்கள். அந்த மூன்று இருவாழ்வி வம்சங்களும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. அவ்வளவு பழைய பிரிவைத் தீர்க்க இது போதாது. 1990களின் தொடக்கத்தில் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஆய்வுகள்கூடச் சாலமாண்டரையும் சிசிலியனையும் சேர்த்துவைத்தன. பல மரபணுக்களை ஒன்றாகப் பார்த்த பின்புதான் தவளையும் சாலமாண்டரும் உடன்பிறப்புகள் என்ற கருத்து வலுப்பட்டது.

சீடன்: அப்படியானால் அந்த உழைப்பு வீணா?

குரு: எப்படி வீணாகும்? எந்த இடம் மாறலாம், எந்த இடம் மாறக்கூடாது என்று அந்த 116 இடங்கள்தாம் காட்டின. அது தெரியாதவன் கையில் முழு மரபணுத் தொகுதியைக் கொடுத்தாலும், நீ முதலில் செய்ததுபோல் எண்ணிக்கொண்டுதான் இருப்பான்.