தழைக்கூரையும் விண்மீன்களும்

யூதர்களின் கூடாரப் பண்டிகை திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள் நடக்கிறது; அந்நாட்களில் தழைக்குடிலில் குடியிருக்க வேண்டும். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர் கூடாரங்களில் குடியிருந்ததைத் தலைமுறைகள் அறிய வேண்டும் என்பதே விவிலிய நூலான லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரம் இதற்குச் சொல்லும் காரணம். கேட்டறிந்தால் போதாதா, குடியிருந்தே ஆக வேண்டுமா? விடை குடிலின் அமைப்பிலேயே இருக்கிறது. கூரை, வெட்டியெடுத்த தழையாலோ கிளையாலோ வேயப்பட வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆயினும் இரவில் இடுக்கு வழியே விண்மீன்கள் தெரிவது சிறப்பு. விளைச்சல் வீடு சேர்ந்த நிறைவான பருவத்தில், குடும்பம் உறுதியான சுவர்களை விட்டு வந்து இக்குடிலுக்குள் உண்கிறது. இயன்றால் உறங்கவும் செய்கிறது. காற்றும் குளிரும் குழந்தையை நேரே எட்டுகின்றன. தன்னைக் காப்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமல்ல என்பதை அதன் உடலே கற்றுக்கொள்கிறது. எந்தப் பாடத்தாலும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தாயின் துணையின்றி இருக்கக்கூடிய சிறுவனுக்கும் இக்கடமை உண்டு என்கிறது யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. மருமகள் பிள்ளை பெற்றபோது, மூத்த ஷம்மாய் என்னும் யூத அறிஞர் கூரைக் காரையைப் பெயர்த்து, அந்தப் பச்சிளங்குழந்தைக்காகக் கட்டிலுக்கு மேல் தழை வேய்ந்ததையும் அது பதிவு செய்திருக்கிறது. எவ்வளவு பெரிய அக்கறை! ஆனால் உடலை வருத்துவது நோக்கமன்று: மழை உணவைக் கெடுக்கும் அளவுக்குப் பெய்தால் வீட்டுக்குள் போய்விடலாம்.