கடைசியாக வருகிறவர்

தனி மனிதன் ஒருவன் ஒரு காரியத்தைத் தானே தொடங்கித் தானே நிறைவேற்றுவானாயின், அது முடிந்ததா இல்லையா என்பதில் எவருக்கும் ஐயம் எழ இடமில்லை. பலர் ஒன்றுகூடித் தொடங்கிய காரியமோ அப்படிப்பட்டதன்று. அது எப்பொழுது முடிகிறது, முடித்தவர் என்று யாரைச் சொல்வது, பாதியில் நிற்க நேர்ந்தவருக்கு அந்த முடிவில் பாத்தியதை உண்டா என்று விசாரிக்கப் புகுந்தால், நிச்சயம் என்று நாம் நம்பியிருந்த பல அபிப்பிராயங்கள் ஆட்டம் கண்டுவிடுகின்றன. கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களும், ஊர்க்கோயில் திருப்பணிக்கு உழைத்தவர்களும், ஒரு சங்கத்தையோ நூல்நிலையத்தையோ கட்டி வளர்த்தவர்களும் இந்த விசாரத்தை அறிவார்கள். எனக்கு அது, சென்ற மாசி மாதத்தில் சிநேகிதர்கள் சிலருடன் சென்னையிலிருந்து கடலோரமாகவே சைக்கிளில் கன்னியாகுமரி போய்ச் சேர்ந்தபோது வந்தது. ஊர் திரும்பி வெகு நாளாகியும் என்னை விட்டு அகலவில்லை.

குமரிக்கு நேரே போகிற நெடுஞ்சாலை திருச்சி, மதுரை வழியாக உள்நாட்டில் ஓடுகிறது. லாரிகளுக்கு உகந்த அந்தப் பாதையை விட்டு, மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்துக்கொண்டே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் என்று இறங்கி, கொள்ளிடத்தைத் தாண்டிச் சீர்காழி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், வேதாரணியம் வரை வந்து, கரை மேற்கே திரும்புகிற இடத்தில் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் வழியாகச் சுற்றி, மறுபடியும் தெற்கு நோக்கித் தொண்டி, இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று போகிற பாதையையே நாங்கள் தேர்ந்துகொண்டோம். 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தப் பாதையில் பூமியின் நிறம் மாறிக்கொண்டே வருவதைச் சைக்கிளில் போகிறவன் காண்பதுபோல் வேறு எவனும் காண முடியாது. காவிரியின் கடைமடையில் அறுவடை முடிந்த வயல்களில் உளுந்தும் பயறும் பூத்துக் கிடக்கும்; தொண்டியை நெருங்கும்போது சீமைக்கருவேலங்காடு இருபுறமும் வந்து சூழ்ந்துகொள்ளும்; திருச்செந்தூருக்குத் தெற்கே, குங்குமத்தைக் கொட்டினாற்போன்ற தேரி மணல் திடீரென்று கண்முன் எழும்.

கடற்கரைச் சாலையில் மேடு கிடையாது என்று சந்தோஷப்படுகிறவர்கள் காற்றை அறியாதவர்கள். மாசி மாதத்து விடியற்காலையில் மெல்லிய வாடை முதுகில் கைவைத்துத் தள்ளுகிறது. வெயில் ஏறினதும் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து கிளம்பி நேரே முகத்துக்கு வருகிறது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது பௌதிக சாஸ்திரம் படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்; படிக்காத முழங்கால்களும் அதை வெகு சீக்கிரத்தில் தெரிந்துகொள்கின்றன. இதற்குப் பரிகாரம் ஒன்றே. ஒருவர் முன்னே போக, மற்றவர்கள் அவர் நிழலில் செல்வதுபோல் அவர் பின்சக்கரத்தை ஒட்டி வரிசையாகப் போக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் ஏறக்குறையக் கால் பங்கு மிச்சமாகிறது. முன்னே இருந்தவர் களைத்ததும் ஓரமாக ஒதுங்கி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். அடுத்தவர் காற்றை ஏற்றுக்கொள்வார். முன்னே போகிறவருக்குத் தாம் செய்கிற உபகாரம் தெரிவதில்லை. தமக்கு மூச்சு வாங்குவது மட்டுமே தெரியும். சாலையில் குழி ஒன்று வந்தால் அவர் கையைத் தாழ்த்திச் சுட்டிக் காட்டுவார். அடுத்தவர் அதே இடத்தில் அதே போலக் கையைத் தாழ்த்துவார். இப்படியே அந்தச் சமிக்ஞை கைமாறிக் கைமாறி, குழியைப் பார்க்கவே முடியாத நிலையில் வரும் ஆள்வரை போய்ச் சேரும். தான் தப்பினால் போதும் என்று யாராவது ஒருவர் கையை நீட்டாமல் விட்டால், அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். அப்படி ஒரு தடவைகூட அறுந்ததில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

எங்களில் ஒருவர் மட்டும் இந்த முறைவைப்பில் சேராமல் எப்போதும் கடைசியிலேயே வந்தார். பள்ளிக்கூடத்தில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவர். வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். எல்லோரையும்விட நன்றாக ஓட்டக்கூடியவரும் அவரே. பலவீனமானவர் கடைசியில் வருவார் என்றுதான் உலகம் நினைக்கிறது. கூட்டமாகப் போகும் சைக்கிள் பிரயாணத்தில், பலமுள்ளவர்தான் கடைசியில் வர வேண்டும். ஏனெனில் எல்லோருடைய முதுகையும் பார்க்கிறவர் அவர் ஒருவரே. முதல் நாள் மாலையில் அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தார்: யாரும் யாரையும் விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடக் கூடாது. அதற்கு நாங்கள் அனைவரும் சம்மதித்தோம்.

மீமிசலைத் தாண்டி ஓர் இடத்தில், அஞ்சல் இலாகாவில் வேலை பார்க்கிற சிநேகிதருடைய பின்சக்கரத்தில் கருவேல முள் ஏறிவிட்டது. ட்யூபை முக்கிப் பார்க்கத் தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதற்குச் செலவிட ஆசிரியர் இசையவில்லை. ட்யூபில் காற்றடித்து, அதை மேலுதட்டுக்கு வெகு சமீபத்தில் பிடித்து, விரல் விரலாக நகர்த்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துவாரத்தைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனைத் தடவி, அது காயும்வரை காத்திருந்து, பேட்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு டயரின் உட்புறத்தை விரலால் தடவி, முறிந்து தங்கியிருந்த முள்ளின் நுனியைத் தேடி எடுத்தார். அது உள்ளே இருந்தால் மறுபடியும் குத்தும். அவ்வாறு தேடிக்கொண்டிருக்கும்போதே தலை நிமிராமல், “இடது முழங்கால் எத்தனை நாளாய் வலிக்கிறது, தம்பி?” என்று கேட்டார். கேட்கப்பட்டவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “வேதாரணியத்திலிருந்து, ஸார்” என்றார். எங்களில் வேறு ஒருவருக்கும் அது தெரியாது. அவர் வலது காலாலேயே மிதித்துக்கொண்டு வந்ததைப் பின்னாலிருந்து பார்த்தவர் ஆசிரியர் மட்டுமே.

இராமநாதபுரத்தில் வைத்தியர் பார்த்தார். வீக்கம் தணியும்வரை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சிநேகிதர் சைக்கிளைப் பார்சலில் போட்டுவிட்டு இரவு ரயிலில் சென்னைக்குத் திரும்பினார். “நீங்கள் போய் முடியுங்கள்” என்று அவர் சொன்னபோது அதில் வருத்தத்தின் சாயை இல்லாமல் இருக்க அவர் செய்த பிரயத்தனம் எங்களுக்குத் தெரிந்தது. மறுநாள் சாயல்குடிச் சாலையில் நாங்கள் அதிகம் பேசவில்லை.

வழியெல்லாம் ஜனங்கள் எங்களைக் கேட்ட கேள்விகள் சிலவே: எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், வண்டி என்ன விலை, இதற்கு யாராவது பணம் கொடுக்கிறார்களா? உடன்குடியில் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்த ஓர் அம்மாள் மட்டும், கடைசியாக வந்து இறங்கிய ஆசிரியரைப் பார்த்து, “எல்லாரும் வந்துட்டியளா, இன்னும் ஆள் வரணுமா?” என்று கேட்டாள். எத்தனை தம்ளர் எடுத்து வைப்பது என்பது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்கு மேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கணக்கில் ஒருநாளும் தடுமாறாத ஆசிரியர் அன்று உடனே பதில் சொல்லவில்லை.

கூடங்குளத்துக்கு அப்பால் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்க, குமரி மிக அருகில் வந்துவிட்டது. யாரும் யாரிடமும் சொல்லாமலே எல்லோரும் வேகத்தைக் குறைத்துக்கொண்டோம். போய்ச் சேர்ந்ததைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காந்தி மண்டபம் இருந்தது, நீருக்கு நடுவே 133 அடி உயரத்தில் வள்ளுவர் நின்றார், படம் எடுத்துக்கொண்டோம், முகத்தில் படிந்த உப்பைக் கழுவிக்கொண்டோம். அன்றிரவு விடுதியில்தான் விவகாரம் எழுந்தது. எங்களில் இளையவர் அந்தப் படத்தின் கீழ், பிரயாணத்தை முடித்தவர்கள் என்று எல்லோர் பெயரையும் எழுதி உற்றார் உறவினருக்கு அனுப்ப விரும்பினார். அஞ்சல்கார நண்பரின் பெயரைச் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்ப்பதுதான் சிநேக தர்மம் என்றார் ஒருவர். அவர் வராத தூரத்தை வந்ததாகச் சொல்வது அவரையே அவமதிப்பதாகும் என்றார் மற்றொருவர். எனக்கு இரண்டாமவர் சொன்னதே நியாயமாகப் பட்டது. இரக்கத்தால் சொல்லும் பொய், அதைப் பெறுகிறவரைச் சிறுமைப்படுத்திவிடுகிறது. ஆனால் அவர் பெயரை விட்டுவிட்டு, ‘நாங்கள் முடித்தோம்’ என்று எழுதினால், அதுவும் உண்மை ஆகுமா? அந்த ‘நாங்கள்’ என்பதில் அவரும் சேர்ந்தவர்தாமே? படம் பெயர்கள் இல்லாமலேயே போயிற்று.

முடித்தவர் யார் என்ற இந்தக் கேள்விக்கு முன்மாதிரிகள் உண்டு. 1923-ஆம் ஆண்டு அக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்ஸி வாலிபர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். பாரசீகம், பாக்தாத், சிரியாவின் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா என்று ஏறக்குறைய 71,000 கிலோமீட்டர் சுற்றி 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பியவர்கள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பூம்காரா என்ற மூவர் மட்டுமே. ஒருவர் தெஹரானிலிருந்து திரும்பிவிட்டார். ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். உலகைச் சுற்றியவர்கள் என்று சரித்திரம் மூவரைத்தான் சொல்கிறது, சொல்வதும் நியாயமே. ஆயினும் புறப்பட்டவர்கள் அறுவர் என்பதை அது மறக்கவில்லை. 1891-இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ் ஓட்டம் வேறு வகை. 1,200 கிலோமீட்டர் தூரத்தை 90 மணி நேரத்துக்குள் கடக்க வேண்டிய அதில் ஒவ்வொருவரும் தத்தம் அட்டையில் தாமே முத்திரை பெறுகிறார்கள். பக்கத்தில் ஓட்டுகிறவர் நின்றுவிட்டால் அனுதாபம் கொள்ளலாம். ஆனால் என் அட்டை என்னுடையது. ஆகவே முடிவு எது என்பதை, என்ன உடன்படிக்கையுடன் புறப்பட்டோம் என்பதுதான் தீர்மானிக்கிறது.

வருகிற வழியில், வேதாரணியத்தில் உப்பு சத்தியாக்கிரக நினைவுத் தூணின் அருகில் நாங்கள் இறங்கி நின்றோம். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்ட தொண்டர்கள் 28-ஆம் தேதி அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த யாத்திரைக்கு, கூடி நடப்பதற்கு அப்பாற்பட்ட லட்சியம் ஒன்று இருந்தது. அதில் ஒருவர் விழுந்தால் இன்னொருவர் அவர் இடத்தில் நடக்கலாம். கடைசியில் உப்பை அள்ளும் கை யாருடையதாயினும் காரியம் பூர்த்தியாகிவிடும். எங்கள் பிரயாணத்துக்கோ அப்படி எந்தப் பிரயோஜனமும் கிடையாது. நாங்கள் குமரிக்குப் போனதால் ஒரு குடம் தண்ணீர்கூட யாருக்கும் கிடைத்துவிடவில்லை. கூடிப் போவது ஒன்றே அதன் பொருளாக இருந்தது. அப்படி இருக்கும்போது, கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் பிரயாணத்தின் ஒரு பகுதி அன்று, அதன் சாரமே குறைந்துபோகிறது என்று நான் எண்ணுகிறேன். பயனுள்ள காரியத்தில் ஆளுக்கு மாற்று ஆள் உண்டு, சிநேகத்தில் இல்லை.

நின்றுவிட்ட ஒவ்வொருவருக்காகவும் எல்லோரும் நின்றால் உலகம் எப்படி நடக்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நிற்கவே கூடாத இடங்கள் வாழ்க்கையில் எத்தனையோ. நம் வீடுகளில் அப்பா தவறியவுடன் மூத்த மகன் பள்ளிக்கூடத்தை விட்டு மில்லுக்கோ மளிகைக் கடைக்கோ போகிறான். தம்பி தங்கைகள் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். அண்ணன் படிக்கவில்லையே என்று அவர்களும் படிப்பை நிறுத்தியிருந்தால் அவன் செய்த தியாகம் வீணாகியிருக்கும். அவர்கள் போனது சரி. ஆனால் அவர்களில் ஒருவர், ‘என் பிரயாசையால் முன்னுக்கு வந்தேன்’ என்று சொல்லக் கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சு வலிக்கிறது. காற்றை எதிர்த்து முன்னே போய்க் களைத்து ஒதுங்கிக்கொண்ட ஒருவரின் பின்னே வந்துதான் அவர் தம் பலத்தைச் சேமித்துக்கொண்டார். போக வேண்டியதுதான், போனபின், வரிசையின் கடைசியில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கும் கடமை ஒன்று பாக்கி இருக்கிறது. பல குடும்பங்களில் அந்தக் கடமை நிறைவேறுவதற்குள் அண்ணனின் ஆயுள் முடிந்துவிடுகிறது. அதற்குப் பரிகாரம் ஏதும் எனக்குத் தோன்றவில்லை. பரிகாரம் உள்ள இடத்திலும் நாம் வாளா இருந்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் விஷயத்தில் பரிகாரம் இருந்தது. நண்பருடைய முழங்கால் குணமாகிவிட்டது. இராமநாதபுரத்திலிருந்து குமரிவரை மறுபடியும் போகலாம் என்று நான் சொன்னபோது முதலில் அவர் மறுத்தார். “எனக்காக நீங்கள் ஒருமுறை மிதித்த சாலையை மறுபடியும் மிதிக்க வேண்டுமா?” என்றார். “உனக்காக இல்லை, தம்பி. நாங்கள்தான் இன்னும் போய்ச் சேரவில்லை” என்று ஆசிரியர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. வருகிற மாசியில் அவரவர் சைக்கிளுடன் இராமநாதபுரம் ரயில் நிலையத்தில் கூடுவதென்று ஏற்பாடாகியிருக்கிறது. அஞ்சல்காரர் ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்: இந்தத் தடவை பம்பும் பஞ்சர் பையும் அவரிடம் இருக்கும்; வரிசையில் கடைசியாக அவர் வருவார்.