வலி தெரிகிற ஆசீர்வாதம்

வாசிக்க: 1 கொரிந்தியர் 12:12–27

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை வாங்கியதும் ஆவலோடு திருப்பிப் பார்க்கிறோம். பெருக்கத்தையும் மேன்மையையும் சொல்லும் வசனம் வந்திருந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. கடன் அடைய வேண்டும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? தாராளமாகக் கேட்கலாம். கேட்டது கிடைத்த பிறகு நாம் எப்படி இருக்கிறோம் என்பதையும் வேதம் விசாரிக்கிறது.

கொல்லிமலையில் 1914-இல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்கின்றன என்று பலரும் நம்பிய காலம் அது. நரம்பு பாதித்து வலி தெரியாமல் போவதுதான் பெரும்பாலான சேதத்துக்குக் காரணம் என்று அவர் கண்டு சொன்னார். நோயாளிகளுக்குக் காலில் ஆணி ஏறியது தெரியாது. அந்தப் புண்ணை ஊன்றியே மறுநாளும் நடப்பார்கள். அவர்களுக்கென்றே வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் செருப்பு செய்தார்கள். பாதம் படும் இடத்தில் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டியான சோல். செருப்பில் ஆணி அடிப்பதைத் தவிர்த்தார்கள்.

வேலூர் இருக்கும் அதே பாலாற்றுப் பகுதியில்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் இருக்கின்றன. காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்களின் சம்பளத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. அதற்காகத் தேவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் டேனரிக் கழிவுநீர் இறங்கி, சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பாழானதை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் பதிவு செய்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

நாமெல்லாரும் ஒரே சரீரத்தின் அவயவங்கள் என்கிறார் பவுல். ஒன்றுக்கு நோவு வந்தால் எல்லாவற்றுக்கும் நோக வேண்டும். நம் கையில் காசு சேரும்போது பக்கத்து ஊர்க் கிணறு உப்புக் கரிப்பது நமக்கு உறைக்கவில்லையா? அப்படியானால் நம் செழிப்பு மரத்துப்போய்விட்டது. நோயாளி அந்த மரத்துப்போதலை விரும்பி வாங்கவில்லை. நாமோ ஒவ்வொரு வசதியாகச் சேர்த்து அதை வாங்கிக்கொள்கிறோம்.

தசமபாகத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டதோடு கணக்கு தீர்ந்துவிடாது. மீதி ஒன்பது பங்கு எந்த வழியில் வந்தது, யார் வயிற்றில் அடித்து வந்தது என்றும் ஆண்டவர் பார்க்கிறார். முதலாளியோ தொழிலாளியோ, செருப்பு வாங்குகிறவரோ, இன்று அவரவர் வருமானத்தையும் செலவையும் எடுத்து வைத்து இந்த ஒரு கேள்வியைக் கேட்போம்: இதன் பாரம் யார் தலையில் விழுகிறது? பதிலாக ஒரு பெயர் வந்தால், அவருக்குச் செய்ய வேண்டியதை இன்றே தொடங்குவோம்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கையின் பிரயாசத்தை ஆசீர்வதியும். அயலானின் வலி எங்களுக்கும் வலிக்கும்படி எங்கள் இருதயத்தை உணர்வுள்ளதாகக் காத்தருளும். ஆமென்.