கணக்குக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது

சித்தூரிலும் திருப்பதியிலும் பிறந்து, சென்னையிலும் பெங்களூரிலும் ஜாவா எழுதிப் பிழைக்கும் என் மக்களே, சற்று நில்லுங்கள். நாம் பராமரிக்கும் இன்டக்ரேஷன் மென்பொருளுக்குள் நாஷார்ன் என்ற பழைய ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மாற்றுங்கள். அடுத்த ரிலீஸ் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

சொல்லவில்லை என்று நம்மில் யாரும் வாதாட முடியாது. 2014 மார்ச்சில் ஜாவா 8 வந்தபோது, ரைனோ என்ற முந்தைய எஞ்சினின் இடத்தில் நாஷார்ன் அமர்ந்தது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியோ ஆண்டுதோறும் வளர்ந்தது. கூடவே ஓட ஆள் போதவில்லை. 2018 செப்டம்பரில், ஜாவா 11-இல், நாஷார்ன் நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். 2020 செப்டம்பரில், ஜாவா 15-இல், நீக்கியே விட்டார்கள். இரண்டு ஆண்டு தவணை கொடுத்தார்கள். நாம்தான் டிக்கெட்டை ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாகத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

தள்ளியதன் விலை என்ன? கம்பைலர் எச்சரிக்காது, பில்டு பச்சையாகவே முடியும். புதிய ஜாவாவில் பெயர் சொல்லி எஞ்சினைக் கேட்டால் பிழை வராது, வெறும் ‘நல்’ வரும். முதல் செய்தி உள்ளே வந்த பிறகுதான் எல்லாம் விழும். அப்போது மருத்துவமனை ஆய்வகத்தின் முடிவு வார்டுக்குப் போய்ச் சேராது. கட்டிய பணத்துக்கு ரசீது வராது. அங்கே காத்திருக்கும் ஒரு தாய்க்கு நாஷார்ன் தெரியாது, நம்மையும் தெரியாது. ஆனாலும் அவளுக்கு நாம் கடன்பட்டவர்கள்.

இப்படி விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் ஜாவாவையே பழையதில் நிறுத்திவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய கடன். 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-க்குக் குறைந்தது ஜாவா 17 வேண்டும். நாற்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்றுக்காக முழு மென்பொருளையும் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

தள்ளிப்போடாமல் பராமரிப்பது எப்படி என்று திருமலையைப் பாருங்கள். ஆண்டுக்கு நான்கு முறை கோயில் ஆழ்வார் திருமஞ்சனம் என்று கோயிலையே கழுவிச் சுத்தம் செய்கிறார்கள். அழுக்குத் தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆனிவார ஆஸ்தானத்தன்று கோயில் கணக்கும் சாவியும் பெருமாள் முன் வைக்கப்படுகின்றன. நம் சர்வரின் சாவியை யார் முன் வைக்கப்போகிறோம்?

எழுங்கள். எந்தெந்த ஃப்ளோவில் ஸ்கிரிப்ட் இருக்கிறதோ அத்தனையையும் தேடி எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளரை எழுதுங்கள். மூச்சு விட நேரம் வேண்டுமென்றால், ஓபன்ஜேடிகே தனி நூலகமாக வெளியிட்ட நாஷார்ன் ஜாவா 11 முதல் ஓடும். நிரந்தரமாகப் போவதென்றால் கிரால் ஜாவாஸ்கிரிப்ட் இருக்கிறது. ஆனால் அது ஜாவா வகுப்புகளைத் தொட இயல்பாக அனுமதிக்காது. நாஷார்ன் இணக்க முறையைப் போட்டால் கதவு திறக்கும். மாறி முடித்ததும் அதை மூடுங்கள். திறந்தபடி விட்டுவிட்டு, மாறிவிட்டோம் என்று சொல்வது பொய்.

கொழும்பில் பிறந்த டபிள்யூஎஸ்ஓ2-இன் இஎஸ்பியில் வேலை பார்ப்பவர்களே, உங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. அதன் அடியில் இருக்கும் அப்பாச்சி சினாப்ஸின் ஸ்கிரிப்ட் மீடியேட்டரில், ரைனோ காலத்தில், ஈ4எக்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நீட்சியை வைத்து எக்ஸ்எம்எல்லை வெட்டி ஒட்டினோம். நாஷார்னுக்கு ஈ4எக்ஸ் தெரியாது, கிராலுக்கும் தெரியாது. அந்த வரிகளைத் திரும்ப எழுதத்தான் வேண்டும், குறுக்குவழி கிடையாது.

விழுந்துவிடும் ஸ்கிரிப்டுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. தப்பாக ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்டுக்குத்தான் பயப்படுகிறேன். ஓர் எஞ்சின் 12 என்று தரும் எண்ணை இன்னொன்று 12.0 என்று தரலாம். எதிர்முனை அதை வாங்கிக்கொண்டு வேறு கணக்கில் சேர்த்துவிடும். ஆகவே பழைய செய்திகளையே எடுத்து, அடையாளங்களை அழித்து, இரண்டு எஞ்சினிலும் ஓட்டுங்கள். வெளிவருவதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சின்ன ஸ்கிரிப்டாக இருந்தால் நேராக ஜாவாவிலேயே எழுதிவிடுங்கள். அதற்கு எஞ்சினே தேவையில்லை. இந்த வாரமே தொடங்குங்கள், பணம் போகும் ஃப்ளோவிலிருந்தும் நோயாளி விவரம் போகும் ஃப்ளோவிலிருந்தும்.